நான்கு ரேமும் அனிசெத்தோவின் சாவும்

என் கம்ப்யூட்டர் வாயடைத்துப்போன அன்று காலை பதினோரு மணிக்கு, செய்யவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்த ஒரு காரியத்தைச் செய்தேன். வீட்டு நடுவே இருக்கும் பிளைவுட் பலகையைத் தட்டினேன்.

பலகைக்கு அந்தப் பக்கம் எவேலியோ இருக்கிறான். இருபத்திரண்டு வருஷம் என் புருஷனாக இருந்தவன், ஆறு வருஷமாகப் பழைய புருஷன். விவாகரத்துத் தாள் நாற்பது நாளில் வந்துவிட்டது. வேறு வீடு கிடைக்க நாற்பது வருஷம் ஆகும். கியூபாவில் பிரிந்துபோனவர்களில் யாருக்குத்தான் தனி வீடு கிடைத்திருக்கிறது? எல்லோரும் செய்வதை நாங்களும் செய்தோம், வீட்டை இரண்டாக அடைத்தோம். தெருப்பக்கத்து ஜன்னல் எனக்கு, கொல்லைப்பக்கத்துக் கதவு அவனுக்கு. குளியலறைக்கு மட்டும் நேரம் வகுத்துக்கொண்டோம், அதையும் அவன் ஒரு நாளாவது ஒழுங்காகக் கடைப்பிடித்தான் என்றால் என் பெயர் மிர்த்தா இல்லை.

எதற்காகப் பிரிந்தீர்கள் என்று கேட்டால் ஊரில் எல்லோரும் ஆன்டெனா கதையைச் சொல்வார்கள். புயல் வந்த அன்று எவேலியோ கூரைமேல் ஏறி டிவி ஆன்டெனாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது உண்மைதான், தெருவே பார்த்தது. ஆனால் கீழே நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யாரும் பார்க்கவில்லை. தெருப்பக்கத்து ஜன்னலின் தாழ்ப்பாள் பிய்ந்துபோய், கதவு கையோடு வந்துவிட்டது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதைத் தோளால் முட்டுக்கொடுத்து நின்றேன். கத்திக் கத்திக் கூப்பிட்டேன், அவன் வரவில்லை. இன்றும் மழைக்கு முந்தின நாளே என் இடது தோள் வலிக்க ஆரம்பித்துவிடும். இந்த ஜன்னல் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம்.

சரி, கம்ப்யூட்டருக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் வானொலியில் முப்பது வருஷம் மற்றவர்கள் எழுதிய நாடகங்களைத் தட்டச்சு செய்தேன். எத்தனை அசட்டு வசனங்களை இந்த விரல்களால் அடித்திருப்பேன்! ஐம்பத்தேழு வயதில் முதல் தடவையாக என் சொந்தத் தொடருக்கு இடம் கொடுத்தார்கள். 'டெல்ஃபினாவின் கதவு', மொத்தம் அறுபது எபிசோடு. டெல்ஃபினா என்றொரு தையல்காரி, அவளை நாயாய்ப் பேயாய் ஆட்டிவைக்கும் புருஷன் அனிசெத்தோ. ஆன்டெனாவைக் காதலிக்கும் புருஷன். நான் யாரை வைத்து எழுதினேன் என்று ரொட்டி வரிசையில் நிற்கும் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இரண்டாவது வாரத்திலேயே ஊர் எவேலியோவைப் பார்த்து முறைக்க ஆரம்பித்துவிட்டது. பூண்டு விற்கும் அம்மாள், "டெல்ஃபினாவை அழ வச்சவனுக்கு என் கையால பூண்டு கிடையாது" என்று அவனை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? மறைக்க என்ன இருக்கிறது, அன்றைக்கு ஒரு காபி அதிகமாகக் குடித்தேன்.

கம்ப்யூட்டர் வாயடைத்த அன்றுதான் மாலை நான்கு மணிக்கு அறுபதாவது எபிசோடு. நேரடி ஒலிபரப்பு. கடைசி எபிசோடை முடித்து, கம்ப்யூட்டரிலேயே வைத்திருந்தேன். காலையில் ஒரு தடவை திருத்திவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது. பிறகு, 'பீ...ப். பீ...ப். பீ...ப்.' திரை கறுப்பாகவே இருந்தது. ஆறு தடவை அழுத்தினேன், ஆறு தடவையும் அதே ஒப்பாரி.

நிலையத்தில் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அர்செனியோவுக்கு போன் செய்தேன்.

"மூணரைக்குள்ள என் மேஜையில தாள் இருக்கணும் மிர்த்தா. இல்லைன்னா என்கிட்ட ஒரு முடிவு ரெடியா இருக்கு."

"என்ன முடிவு?"

"டெல்ஃபினா புருஷன்கிட்டயே திரும்பிப் போறா. கையில பூங்கொத்து. மன்னிப்புக் கேக்குறா. ஜனங்களுக்குக் குடும்பம் ஒண்ணு சேரணும், அவ்வளவுதான்."

"யாரு மன்னிப்புக் கேக்குறா? டெல்ஃபினாவா? அவனா?"

"டெல்ஃபினாதான். வேற யாரு?"

ஐம்பத்தொன்பது எபிசோடாக அந்தப் பெண்ணைக் கைப்பிடித்து வாசல்வரை கொண்டுவந்திருக்கிறேன், கடைசிப் படியில் இவன் அவளைத் திரும்ப உள்ளே தள்ளப்போகிறான். போதாக்குறைக்கு இரண்டு மணிக்குக் கரண்ட் போகும் நாள். தெருவில் கம்ப்யூட்டர் பார்க்கத் தெரிந்த ஆள் ஒருவன்தான். சர்க்கரை ஆலையில் கடைசல் இயந்திரம் ஓட்டியவன், ஆலையை மூடின பிறகு ஊரில் உள்ள எல்லாப் பெட்டியையும் கழற்றிக் கழற்றித் தானே கற்றுக்கொண்டவன்.

அதனால்தான் பலகையைத் தட்டினேன்.

"என்ன?" என்றான் அந்தப் பக்கத்திலிருந்து.

"கம்ப்யூட்டர் கத்துது."

"காது கேக்குது. நீளமா, விட்டு விட்டுக் கத்துது. ரேம்."

"அப்படின்னா?"

"பெட்டியோட ஞாபகமெல்லாம் தங்குற பட்டைங்க, ஸ்லாட்டோட சரியா ஒட்டலை. கடக்கரைதானே, உப்புக் காத்து பல்லையெல்லாம் கறுக்க வச்சிருக்கும். தொடச்சா சரியாப் போயிடும். கேக்குறியா, இல்ல சும்மா தகவல் சொல்றியா?"

பல்லைக் கடித்துக்கொண்டேன். "கேக்குறேன்."

"அப்போ பெட்டியை முற்றத்துக்குத் தூக்கிட்டு வா. உன் ரூம்ல வெளிச்சம் பத்தாது."

முற்றம் எங்கள் இருவருக்கும் பொது. அங்கே பாதாம் மரத்தடியில், புள்ளி போட்ட பட்டைக் காய்களை வைத்து ஆடும் டோமினோ மேஜை இருக்கிறது. ஆறு வருஷமாக நானும் எவேலியோவும் பேசிக்கொள்ளாமல் சேர்ந்து செய்கிற ஒரே காரியம் அந்த மேஜையில்தான் நடக்கிறது. ஆட்டத்தில் நாங்கள் ஜோடி, எதிரும் புதிருமாக உட்காருவோம். பேசாமலிருப்பது அங்கே கஷ்டமே இல்லை, டோமினோவைக் கண்டுபிடித்தவன் ஊமை என்பார்கள். ஜோடியிடம் வாய் திறந்தால் ஆட்டம் போச்சு. எவேலியோ ஒரு காய் வைக்க எத்தனை நொடி யோசிக்கிறான் என்பதை வைத்தே அவன் கையில் மிச்சம் என்ன இருக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன். அவனும் அப்படித்தான். எங்களை இந்தத் தெருவில் யாரும் ஜெயித்ததில்லை. கல்யாணத்தில் மட்டும்தான் தோற்றோம்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் விஷயம் பரவி, எதிர் ஜோடி வந்து சேர்ந்துவிட்டது. ஒருத்தி லிப்ராதா, நகப்பூச்சு வேலை செய்கிறவள், நாற்பது வயது, வாய்க்கு வயது கிடையாது. இன்னொருவர் ஒரெஸ்டெஸ், முன்னாள் பேஸ்பால் நடுவர். இன்றைக்கும் எந்தச் சண்டையிலும் தீர்ப்புச் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"அக்கா, கடைசி எபிசோடு உள்ள மாட்டிக்கிச்சாமே!" என்று லிப்ராதா மார்பில் கைவைத்தாள். "அனிசெத்தோ சாகுறானா இல்லையா? அதை மட்டும் சொல்லிடு, அப்புறம் பெட்டி எப்படிப் போனா எனக்கென்ன."

"நாலு மணிக்குக் கேளு."

"பெட்டி ஓடலைன்னா எங்க கேக்குறது?"

எவேலியோ பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினான். உள்ளே தொடுவதற்கு முன்னால் பெட்டியின் இரும்பைக் கையால் தொட்டான். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்றான். இரண்டு பக்கமும் இருந்த கொக்கிகளை விலக்கி, ஒவ்வொரு ரேமாகப் பிடுங்கினான். மொத்தம் நான்கு. மூன்று செத்த கம்ப்யூட்டர்களிலிருந்து சேர்த்துப் பிறந்த பெட்டி என்னுடையது. அதனால் நான்கும் நான்கு சாதி. அடியில் தங்க நிறத்தில் இருக்க வேண்டிய பற்கள் சுருட்டுக் குடிப்பவன் பல்லைப்போலப் பழுத்திருந்தன.

"ரப்பர் வேணும்" என்றான்.

என் தட்டச்சு மேஜையிலிருந்து வட்ட ரப்பரை ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"இதுல மணல் கலந்திருக்கு. தாள்ல மையைச் சுரண்டுறது. இதால தேச்சா தங்கப்பூச்சு போயிடும். ஸ்கூல் பசங்க ரப்பர்தான் வேணும், மெத்துன்னு."

லிப்ராதா தன் மகளின் அலமாரியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தாள். ஸ்ட்ராபெர்ரி வடிவம், ஸ்ட்ராபெர்ரி வாசனை. "மாமி வெளியூர்லேர்ந்து அனுப்பினது. பொண்ணு திரும்பி வர்றதுக்குள்ள வச்சிடணும், இல்லைன்னா என்னைக் கொன்னுடுவா" என்றாள். எவேலியோ பேனாக்கத்தியால் அதை நான்காக வெட்டினான். லிப்ராதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நேரம் இல்ல. ஆளுக்கு ஒண்ணு. ஓரத்தைப் பிடிச்சுக்கணும், பல்லுல விரல் படக்கூடாது. ஒரே பக்கமா, மெதுவா, குழந்தைக்குப் பல் தேச்சுவிடுற மாதிரி."

ஆளுக்கொரு ரேம், ஆளுக்கொரு துண்டு ரப்பர். அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தோம். நாற்காலி பழகினது, மேஜை பழகினது, நேரம்கூட எங்கள் ஆட்ட நேரம்தான். இதில் ஏதோ வினை இருக்கிறது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஒரெஸ்டெஸ் இரண்டு தேய்த்தல் தேய்த்துவிட்டு, தூளை வாயால் ஊதினார்.

"ஊதாதீங்க அண்ணே! எச்சி தெறிக்கும்" என்றான் எவேலியோ.

"முப்பது வருஷம் மைதானத்துல தூசி தட்டின நடுவர்யா நான்."

"அது பிரஷ்ஷால. லிப்ராதா, உன் நகப்பூச்சுத் தூரிகை சுத்தமா இருக்கா? அதால தட்டிவிடுங்க. அப்புறம் ஆல்கஹால் வச்சுத் துடைக்கணும்."

"ஆல்கஹால் எங்க இருக்கு? என் வீட்டுல ரம் இருக்கு" என்றார் ஒரெஸ்டெஸ், கண்ணில் ஒளியோடு.

"ரம்முல சர்க்கரை இருக்கு. காஞ்சா பிசுபிசுன்னு ஒட்டும்."

"நகப்பூச்சு எடுக்கிற தண்ணி?" என்றாள் லிப்ராதா.

"அது பிளாஸ்டிக்கையே தின்னுடும்."

கடைசியில் கரண்ட் போனால் அடுப்புப் பற்றவைக்க நான் ஒளித்துவைத்திருந்த மருந்து ஆல்கஹாலைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. புட்டியின் அடியில் இரண்டு விரல் அளவு. தியாகம் என்றால் அதுதான் தியாகம்.

கொஞ்ச நேரம் நான்கு பேரும் பேசாமல் தேய்த்தோம். மரத்தடியெல்லாம் ஸ்ட்ராபெர்ரி வாசனை. ஆனால் ஒரு நாடகக்காரியைச் சுற்றி மூன்று ரசிகர்கள் உட்கார்ந்தால் எத்தனை நேரம் வாய் சும்மா இருக்கும்?

"டெல்ஃபினாவைச் சுத்தி வர்ற அந்த மாட்டு வைத்தியரையே அவ கட்டிக்கணும்" என்று ஆரம்பித்தார் ஒரெஸ்டெஸ். "நல்ல மனுஷன், சொந்தமா சைக்கிள் வேற வச்சிருக்கான்."

"யாரையும் கட்ட வேணாம். முதல்ல அனிசெத்தோ சாகணும். கரும்பு மிஷின்ல மாட்டணும், கால்லேர்ந்து" என்றாள் லிப்ராதா. பிறகு எவேலியோவைப் பார்த்து, "உங்களைச் சொல்லலைண்ணே. பொதுவாச் சொன்னேன்" என்றாள்.

எவேலியோ தலை நிமிரவில்லை. பஞ்சால் பற்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான்.

"கேளேன்" என்றேன்.

"நாப்பத்தி மூணாவது எபிசோடுல, அனிசெத்தோ வேணும்னே டெல்ஃபினா காபியில உப்பைப் போட்டான்னு எழுதியிருக்க."

"போட்டானே."

"வேணும்னு போடலை. டப்பா மாறிப்போச்சு."

"டப்பா மேல எழுதி ஒட்டியிருந்துச்சு!"

"எழுத்து அழிஞ்சுபோயிருந்துச்சு!"

"எழுத்து அழியலைய்யா, உன் அறிவுதான் அழிஞ்சுபோயிருந்துச்சு!"

சொல்லிக்கொண்டே கையில் இருந்ததை ஓங்கி மேஜையில் அடித்தேன்.

அடியே மிர்த்தா! ஜெயிக்கிற காயை எங்கள் ஊரில் யாராவது மெதுவாக வைப்பார்களா? அந்த அடியில்தானே பாதி ருசி. நாற்பது வருஷப் பழக்கம், கை தானாகவே போய்விட்டது. 'டப்' என்ற சத்தத்துக்குப் பின்னால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கறுப்புச் சில்லு ஒன்று ரேமிலிருந்து பிய்ந்து, மேஜைமேல் உருண்டு, ஒரெஸ்டெஸின் மடியில் விழுந்தது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் வலது கைப்பக்கம் லிப்ராதா. நான் வைத்தால் அடுத்தது அவள் முறை. அவளும் யோசிக்கவே இல்லை. "இந்தா வாங்கிக்கோ!" என்று தன் ரேமை என்னுடையதன் பக்கத்தில் அதே வேகத்தில் அடித்தாள். அதுவும் மூலையில் விரிசல் விட்டது.

அடுத்தது எவேலியோ. தன் ரேமை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, வைக்கக் காய் இல்லாதவன் மாதிரி விரல் முட்டியால் மேஜையைத் தட்டி, "பாஸ்" என்றான்.

ஒரெஸ்டெஸ் தன் ரேமை மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பதற்கு இனிமேல் என் படத்தையே போடலாம். டெல்ஃபினாவைக் காப்பாற்ற வந்த நானே அவள் கழுத்தை மேஜையில் வைத்து அடித்திருக்கிறேன். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன்.

"அழாதே" என்றான் எவேலியோ. "ஒண்ணு இருந்தாலே பெட்டி ஓடும். மெதுவா ஓடும், ஆனா ஓடும். இன்னும் ரெண்டு இருக்கு."

மணி ஒன்றரை. ஸ்லாட்டைத் தூரிகையால் சுத்தம் செய்தான். முதலில் ஒரெஸ்டெஸின் ரேமை மட்டும் செருகினான். இரண்டு பக்கமும் கொக்கி 'கிளிக்' என்று விழும்வரை அழுத்தினான். திரையையும் மவுசையும் கொண்டுவந்து மாட்டி, நீள வயரில் கரண்ட் இழுத்துப் பொத்தானை அழுத்தினோம். 'பீ...ப்.'

"அவுட்" என்றார் ஒரெஸ்டெஸ், அவரையும் மீறி. லிப்ராதா அவர் தொடையில் கிள்ளினாள்.

அதை எடுத்துவிட்டு எவேலியோ தன்னுடையதைச் செருகினான். பொத்தான். விசிறி. ஒரே ஒரு குட்டிச் சத்தம், குருவி கூப்பிடுகிற மாதிரி. திரையில் எழுத்து ஓட ஆரம்பித்தது!

நான் கத்திய கத்தலில் பாதாம் மரத்துக் காக்கைகள் பறந்தன. லிப்ராதா என்னைக் கட்டிப்பிடித்தாள், நான் ஒரெஸ்டெஸைக் கட்டிப்பிடித்தேன். எவேலியோவை நெருங்கி, நிறுத்திக்கொண்டேன். ஒற்றை ரேமில் பெட்டி நடக்கத் தெரியாத கிழவனாய் ஊர்ந்தது. ஒரு வழியாக என் கோப்பு திரையில் தெரிந்தது. 'எபிசோடு 60.' இரண்டு தடவை தட்டினேன். மணற்கடிகாரம் சுற்றியது. சுற்றியது.

கரண்ட் போய்விட்டது.

"மணி ஒண்ணே முக்கால்தானே ஆகுது!" என்று லிப்ராதா அலறினாள். "ரெண்டுன்னுதானே போட்டிருந்தான்!"

அட்டவணையை நம்பி நடந்ததாக எங்கள் தெருவில் யாருக்கும் ஞாபகம் இல்லை. இனி ராத்திரிதான் வரும்.

"கையால எழுதிடு அக்கா. நீதானே எழுதினே, ஞாபகம் இருக்கும்ல?"

தாளும் பேனாவும் கொண்டுவந்து உட்கார்ந்தேன். 'எபிசோடு அறுபது' என்று எழுதினேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கதை தெரியும், யார் எப்போது வருவார்கள் என்று தெரியும். ஆனால் வசனம்? ஒவ்வொரு வரியையும் பத்துத் தடவை மாற்றி எழுதியவள் நான். பத்தும் ஒன்றாகக் கிளம்பி வந்து வாசலில் இடித்துக்கொண்டு நின்றன. அர்செனியோவின் பூங்கொத்து கண்முன்னால் ஆடியது.

அப்போது எவேலியோ தொண்டையைச் செருமினான்.

"காட்சி ஒண்ணு. டெல்ஃபினாவின் வீடு. மழைச் சத்தம். தையல் மிஷின் சத்தம் நிக்குது. டெல்ஃபினா: 'இந்த வீட்டுல கடைசி பொத்தானையும் நான் தச்சு முடிச்சாச்சு.'"

பேனா கையில் அப்படியே நின்றது.

"உனக்கெப்படித் தெரியும்?"

"நீ எழுதும்போது எல்லாக் குரல்லயும் பேசிப் பேசித்தானே எழுதுற. அந்தப் பலகை அரை விரல் தடிமன்கூட இல்ல." காதைச் சொறிந்தான். "அறுபது எபிசோடும் ரேடியோவுக்கு முன்னாடியே எனக்கு வந்துடும். திருத்தினதும் வரும், திருத்தாததும் வரும்."

"அப்போ முடிவும் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் இவ்வளவு நேரம் தேச்சியா?"

"எழுது மிர்த்தா. மணியாகுது."

எழுதினேன். அவன் சொன்னான், நான் எழுதினேன், லிப்ராதா ஒவ்வொரு தாளாக வாங்கி வெயிலில் மை காயவைத்தாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே நடிகை பெருமூச்சு விட வேண்டும், எல்லாம் சொன்னான். அனிசெத்தோவை மற்றவர்கள் திட்டுகிற இடங்களில்கூட ஒரு வசவை விடவில்லை. "'உப்புக்குப் பிறந்த கழுதை'ன்னு சொல்றா மாட்டு வைத்தியரோட அம்மா. 'கழுதை'க்கு அழுத்தம்" என்றான். ஒரெஸ்டெஸ் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து மரத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

பதிமூன்றாவது தாளில் அனிசெத்தோவின் சாவு வந்தது. புயலில் கூரைமேல் ஆன்டெனாவைக் கட்டிப்பிடித்திருக்கிறான், ஆன்டெனாவோடு சேர்ந்து கீழே விழுகிறான். டெல்ஃபினா வெளியே ஓடிவருகிறாள். அவன் கண்ணைத் திறந்து, "ஆன்டெனா பத்திரமா?" என்று கேட்டுவிட்டுச் செத்துப்போகிறான். அந்த வரியை எழுதிய அன்று நான் தனியாக உட்கார்ந்து கைதட்டிச் சிரித்தேன். அந்தப் பக்கம் அது கேட்டிருக்கும் என்று இப்போதுதான் உறைத்தது.

எவேலியோ மெதுவாகச் சொன்னான். "அனிசெத்தோ: 'ஆன்டெனா பத்திரமா?'" நான் எழுதினேன். முற்றுப்புள்ளி வைக்கப் போனேன்.

"இன்னும் இருக்கு" என்றான். "'ஆன்டெனா கிடக்கட்டும். டெல்ஃபினா, அன்னைக்கு ஜன்னலை நான்தான் பிடிச்சிருக்கணும்.'"

நான் எழுதவில்லை. ஜன்னல் எந்த எபிசோடிலும் கிடையாது. லிப்ராதா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "எந்த ஜன்னல்? ஜன்னல் எப்ப வந்துச்சு?" என்றாள்.

"இதை நான் எழுதலை" என்றேன்.

"தெரியும்."

"அப்புறம்?"

"அறுபது எபிசோடும் வாயை மூடிக்கிட்டுக் கேட்டேன். ஒரு தடவையாவது பலகையைத் தட்டினேனா? பூண்டு தரமாட்டேன்னா, சரின்னு வந்தேன்." மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நான் சாகுற சீனு மிர்த்தா. அதுல எனக்குன்னு ஒரே ஒரு வரி. குடேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு வருஷமாக ஒரு வார்த்தை சொல்ல வக்கில்லாதவன், செத்துக்கொண்டே, அதுவும் இன்னொருத்தன் வாயால் சொல்கிறான்! கோபத்தோடே எழுதினேன். அதற்கு டெல்ஃபினா என்ன சொல்வாள் என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 'ரொம்ப லேட்டாச் சொல்ற. ஆனா சொல்லிட்ட.' பிறகு அவள் எழுந்து, கதவைத் திறந்துகொண்டு, மழையில் தன் வழியே போகிறாள். அதில் நான் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அவள் யாரிடமும் திரும்பிப் போகவில்லை.

மூன்று இருபதுக்கு ஒரெஸ்டெஸின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து நிலையத்துக்குப் போய், பதினான்கு தாளையும் அர்செனியோவின் மேஜையில் வைத்தேன். அவன் முகர்ந்து பார்த்தான். "என்ன இது, பழ வாசனை?"

"ரேம் துடைச்ச வாசனை" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

நான்கு மணிக்கு முற்றத்தில் பேட்டரி ரேடியோவைச் சுற்றித் தெருவே கூடியிருந்தது. எவேலியோ தன் கதவுப்படியிலேயே உட்கார்ந்துகொண்டான். அனிசெத்தோ கூரையிலிருந்து விழுந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். "ஆன்டெனா பத்திரமா?" என்றபோது சிரிப்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அந்த ஜன்னல் வரி வந்தது.

முதலில் மூக்கை உறிஞ்சியது லிப்ராதா. கரும்பு மிஷினில் காலிலிருந்து மாட்டச் சொன்னவள்!

"பாவம்க்கா அந்த ஆளு" என்று தேம்பினாள். "என்ன ஜன்னலோ தெரியலை. ஆனா பாவம்."

"தீர்ப்பு மாத்திச் சொல்லணும்யா" என்றார் ஒரெஸ்டெஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கூட்டத்திலிருந்து பூண்டு விற்கிற அம்மாள் எழுந்தாள். நேரே எவேலியோவிடம் போய், ஒரு முழு சரம் பூண்டை அவன் மடியில் வைத்துவிட்டு வந்தாள். இதைவிட ஒரு எழுத்துக்காரிக்கு என்ன அவமானம் வேண்டும்? ஐம்பத்தொன்பது எபிசோடாக நான் கல் கல்லாக அடுக்கின வெறுப்பை, எழுதப் படிக்கச் சோம்பல்படுகிற ஒருத்தன் ஒற்றை வரியில் கவிழ்த்துவிட்டான்.

மறுநாள் காலை கரண்ட் இருந்தது. ஒற்றை ரேமில் பெட்டி முனகிக்கொண்டே விழித்தது. கோப்பைத் திறந்து, நிலையத்திலிருந்து திருப்பி வாங்கிய தாள்களைப் பக்கத்தில் வைத்து வரிவரியாகச் சரிபார்த்தேன். அவன் எங்கேயாவது தப்புச் சொல்லியிருப்பான், பிடித்துவிடலாம் என்ற நப்பாசை. பதினான்கு தாளிலும் ஒரு சொல்கூடப் பிசகவில்லை. அந்த ஒரு வரியும் அதற்கு டெல்ஃபினா சொன்ன பதிலும்தான் அதிகம்.

அந்த வரியையும் கோப்பில் சேர்த்து அடித்தேன். பழக்கதோஷம், அடிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பலகைக்கு அந்தப் பக்கம் பூண்டு நசுக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"அடுத்த தொடர்ல நான் வர்றேனா?" என்றான்.

"செத்தவன் எப்படி வருவான்?"

"ஆவியா வரலாம்ல?"

வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. என் இடது தோள் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. தெருப்பக்கத்து ஜன்னல் காற்றில் 'டப்' என்று அடித்தது. ஆறு வருஷமாகத் தாழ்ப்பாள் இல்லாத ஜன்னல், கயிற்றால்தான் கட்டிவைத்திருக்கிறேன்.

பலகையைத் தட்டினேன்.

"ஆவியெல்லாம் அப்புறம். சுத்தியல் எடுத்துட்டு இந்தப் பக்கம் வா."